தூதுப்பெண்ணின் இடது சட்டைக்கை

மார்ச் 4

தலைமை ஓவியர் அவர்களுக்கு,

நான் மௌனமாக இருந்தது போதும். பத்து வருடங்கள். அதற்குள் ஒரு குழந்தை பிறந்து, பள்ளிக்கூடம் போய், எதிர்த்துப் பேசவும் கற்றுக்கொண்டிருக்கும். நான் பேசவில்லை. உன் எண்ணைப் போனிலிருந்து நீக்கினேன். நீ அனுப்பிய இரண்டு மின்னஞ்சல்களையும் திறக்காமல் அழித்தேன். சித்தப்பா மகள் கல்யாணத்தில் உன்னைக் கண்டதும் சாப்பிடாமல் பின்வாசல் வழியாக வெளியேறினேன்.

இப்போது பேசக் காரணம் இருக்கிறது. நாம் இருவரும் வேலை பார்த்த கம்பெனியிலிருந்து எனக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. அந்த வீடியோ கேமுக்குப் பத்து வயது ஆகிறதாம். புதுப்பித்து மறுபடி வெளியிடுகிறார்கள். முற்றுகையில் சிக்கிய நகரம், அடைபட்ட தெருக்கள், கூரை விட்டுக் கூரை தாவிக் கடிதம் சேர்க்கும் ஒற்றைக்கைத் தூதுப்பெண், எல்லாம் அப்படியே. ஒன்று மட்டும் புதிது. ஆடுபவர்கள் விரும்பினால் நீ வரைந்த உடையை நீக்கிவிட்டு நான் வடிவமைத்த உடையை அவளுக்கு அணிவிக்கலாம். ‘அசல் உடை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் வைத்த பெயரல்ல. கூடவே ஒரு படப்புத்தகம். அதில் என் குறிப்பேட்டிலிருந்து பதினான்கு பக்கங்கள்.

வரைபடங்களின் உரிமை என்னிடமே இருக்க வேண்டும் என்று நான் ஒப்பந்தத்தில் அடம்பிடித்தபோது நீ சிரித்தாய். “அண்ணா, இது என்ன பூர்வீகச் சொத்தா?” என்று கேட்டாய். அந்தச் சொத்துக்குத்தான் இப்போது கையெழுத்துக் கேட்டு வந்திருக்கிறார்கள். ஏப்ரல் முப்பதுக்குள் படிவம் போய்ச் சேர வேண்டும்.

உன் உடையைப் பற்றி அன்று சொன்னதை இன்றும் சொல்கிறேன். கூரைமேல் ஓடுகிறவளுக்குக் கணுக்கால்வரை மேலங்கி. முதல் காற்றிலேயே அவள் தெருவில் கிடப்பாள். அதைத் தோளில் பிடித்து நிறுத்தத் தட்டளவு வளையக் கொக்கி. அந்தக் கனத்தில் கழுத்து ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். வெற்றுச் சட்டைக்கையை இடுப்பு வாரில் செருகிவிட்டாய். இரண்டாவது தாவலில் அது உருவிக்கொண்டு வந்து ஓட்டில் மாட்டும். நான் செய்தது வேறு. முழங்கைக்குக் கீழே மூடித் தைத்த கை, முனையில் பருத்தித் திண்டு. மூன்று பொத்தானை முன்கூட்டியே போட்டுவிட்டுத் தலைவழியாக மாட்டுகிற கோட்டு. பல்லால் இழுத்து முடிகிற பக்க நாடா. ஒவ்வொன்றையும் துணியில் தைத்து, என் இடது கையை முதுகோடு கட்டிக்கொண்டு, நானே போட்டுப் பார்த்தேன். அது உண்மை. உன்னுடையதை ‘நம்பும்படி இருக்கிறது’ என்று எல்லோரும் கைதட்டினார்கள். பொய்க்கு நல்ல துணி உடுத்திவிட்டால் அதற்குப் பெயர் நம்பகம் போலும்.

நான் இப்போது சீருடைத் தொழிற்சாலையில் வெட்டுப் பிரிவில் இருக்கிறேன். ஆடை வரலாற்றில் முதுகலை படித்தவன் காவலாளிகளின் கால்சட்டைக்கு இடுப்பளவு எடுக்கிறேன். நம்பும்படியான கால்சட்டை வேண்டும் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. உட்கார்ந்தால் கிழியக்கூடாது, அவ்வளவுதான்.

என் வேலையைக் கெடுத்தாய். பிறகு என் வீட்டையும் கெடுத்தாய். என்னை விட்டுப் போனவள் உன்னோடு மட்டும் இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது என்று நினைக்காதே.

நான் கையெழுத்துப் போடப்போகிறேன். உன் அனுமதி கேட்டு இதை எழுதவில்லை. உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்று எழுதினேன்.

உன் அண்ணனாக ஒரு காலத்தில் இருந்தவன்


மார்ச் 11

அண்ணா,

உறைமேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். நின்றுகொண்டே பிரித்தேன். யாரும் சாகவில்லை என்று தெரிந்ததும் உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்தபோது நின்றே படித்திருக்கலாம் என்று தோன்றியது.

முதலில் ஒரு திருத்தம். நான் தலைமை ஓவியர் இல்லை. அந்தக் கம்பெனியை விட்டு மூன்று வருடமாகிறது. இப்போது பல் செய்யும் ஆய்வுக்கூடம் ஒன்றில் கணினியில் கடைவாய்ப் பற்களை உருவாக்குகிறேன். “படை வீரர்களை வரைஞ்ச கை, இப்ப யாரோட வாய்க்குள்ளயோ கிடக்கு” என்று என் வீட்டுக்காரர் கேலி செய்கிறார். உனக்குப் பிடித்த வேலைதான். பார்க்கப் பல் மாதிரி இருந்தால் மட்டும் போதாது, கடிக்க வேண்டும். மயிரிழை உயரம் கூடினாலும் திரும்பி வந்துவிடும். திரும்பி வரும்போதெல்லாம் உன் முகம்தான் ஞாபகம் வரும். “சொன்னேன்ல?” என்கிற அந்த முகம்.

மேலங்கியைப் பற்றி நீ எழுதியது அத்தனையும் சரி. நிஜத்தில் அவள் விழுந்திருப்பாள். ஆனால் அந்த ஆட்டத்தில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிந்தால்தான் எங்கே தாவுவது என்று தெரியும். உன் கோட்டு அசையவே அசையாது. அவ்வளவு நன்றாகத் தைத்திருந்தாய். ஆடுகிறவர்கள் நாற்பது மணி நேரமும் அவளுடைய முதுகைத்தான் பார்க்கிறார்கள் அண்ணா. நீ உண்மை அத்தனையையும் முன்பக்கத்தில் வைத்துத் தைத்துவிட்டாய்.

இதுதான் நான் எல்லோருக்கும் சொன்ன காரணம். பொய்யில்லை. முழுக் காரணமும் இல்லை.

மிச்சக் காரணம் இன்னொருவருடையது, நான் எடுத்துச் சொல்லக்கூடியது அல்ல. அதனால் இப்போதைக்கு வெறுமனே கேட்கிறேன். கையெழுத்துப் போடாதே. இதற்குமுன் நான் உன்னிடம் எதையாவது கேட்டிருக்கிறேனா என்று யோசித்துப் பார். கேட்டிருக்கிறேன்தான், சைக்கிள். நீ தரவில்லை.

ஒரு வேண்டுகோள். மூன்றாம் மாடி அறையில், உன் உடையை எல்லோருக்கும் திரையில் போட்டுக் காட்டினாயே, அந்த நாள் உனக்கு எப்படி ஞாபகம் இருக்கிறது? எனக்கு எழுது. வாதாடுவதற்காகக் கேட்கவில்லை.

தங்கை


மார்ச் 17

தங்கைக்கு,

நீ கடைவாய்ப்பல் செய்வதில் எனக்கு மகிழ்ச்சியும் இல்லை, வருத்தமும் இல்லை. கொஞ்சம் மகிழ்ச்சிதான்.

அந்த நாள் எப்படி ஞாபகம் இருக்கிறது என்று கேட்கிறாய். நேற்று நடந்ததுபோல் இருக்கிறது. என் வாழ்க்கையில் நல்ல நாள் என்று சொல்ல நாலைந்துதான் உண்டு. அவற்றில் அது ஒன்று.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், பதிவுக்காக. என் மனைவிக்கு இடது முன்கை இல்லை. பத்தொன்பது வயதில் அச்சகத்தில் வேலை பார்த்தபோது இயந்திரத்தில் போனது. நம் கம்பெனியில் அவள் மெய்ப்புத் திருத்துபவளாக இருந்தாள். பாத்திரங்கள் பேசும் ஒவ்வொரு வரியும், நிர்வாகம் சுற்றுக்கு விடும் ஒவ்வொரு காகிதமும் அவள் மேசை வழியாகத்தான் போகும். எந்த வரியைக் கொடுத்தாலும் “இங்க ஒரு கமா போட்டா ஆள் மூச்சு விடலாம்” என்பாள். அதனால் ஆபீஸில் அவளுக்குப் பெயரே கமாதான். தூதுப்பெண்ணை ஒற்றைக்கைக்காரியாக எழுதியது இயக்குநர். அவளுக்கு உடை செய்ய என்னைக் கூப்பிட்டது நீ. அந்த வேலைக்கு என்னைவிடத் தகுதியானவன் யார்? அப்போது ஏழு வருடமாக அவளோடு ஒரே வீட்டில் இருந்தேன். மூன்று மாதம் தினமும் காலையில் கவனித்துக் குறிப்பெடுத்தேன். எந்தப் பொத்தான் முதலில், எது தாடைக்குக் கீழே, எது நிலைக்கதவில் தோளை அழுத்தி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை வினாடி. எந்த அருங்காட்சியகத்திலும் இல்லாத தகவல்.

அன்று அறையில் இருபத்து மூன்று பேர். திரையில் தூதுப்பெண் விடிந்ததும் எழுந்து உடுத்துகிறாள். நாடாவைப் பல்லில் கவ்வித் தலையைப் பின்னால் சாய்த்து இழுக்கிறாள். ஒலிக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். “சார், இதெல்லாம் எப்படி யோசிக்கிறீங்க?” என்று கேட்டார்.

“யோசிக்கல. வீட்ல தினமும் பாக்கறேன்” என்றேன்.

அறை அப்படியே அடங்கிவிட்டது. ஒரு சத்தமில்லை. உண்மையின் எதிரில் மனிதர்கள் அப்படித்தான் நிற்பார்கள். அந்த மௌனத்தை நான் பத்து வருடமாக வைத்திருக்கிறேன்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். நான்காம் நாள், வெளியாட்கள் சிலரை ஆடவிட்டுப் பார்த்தோம் என்றாய். “இந்தப் பொண்ணு நமக்குக் காட்டணும்னே உடுத்துற மாதிரி இருக்கு” என்று ஒருவன் சொன்னானாம். நிஜமான ஒற்றைக்கைக்காரியின் நிஜமான காலை அவனுக்கு நடிப்பாகத் தெரிகிறது. நீ அவன் பக்கம் நின்றாய். பத்தே நாளில் மேலங்கி வந்தது. நான் நிர்வாகத்துக்குப் புகார் எழுதினேன். பதினான்கு பக்கக் குறிப்பை ஆதாரமாக இணைத்தேன். பதிலே வரவில்லை. வேலையை விட்டேன். அதே வாரம் வீட்டுக்கு வந்தால் அலமாரியில் பாதி காலி. அவள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

“எங்க போற?”

“நோட்டுப் புத்தகம் உங்ககிட்டயே இருக்கட்டும்” என்றாள். கேட்ட கேள்விக்கு அது பதிலா? யாரோ அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அந்த யாரோ யார் என்று கண்டுபிடிக்க எனக்கு முதுகலைப் பட்டம் தேவைப்படவில்லை.

நீ கேட்டாய், எழுதிவிட்டேன். படிவம் மேசைமேல் இருக்கிறது.

அண்ணன்


ஏப்ரல் 2

அண்ணா,

பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். கடிதத்தை நான்கு முறை படித்தேன். பிறகு ஆய்வுக்கூடத்தில் இரண்டு நாள் விடுப்புச் சொல்லிவிட்டு பஸ் ஏறி அண்ணியைப் பார்க்கப் போனேன். உன்னிடம் சொல்லமாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அதைத் திருப்பி வாங்கத்தான் போனேன்.

அண்ணி நன்றாக இருக்கிறார். சட்டப் புத்தகங்கள் போடும் இடத்தில் அதே வேலை. மேசையில் தாள் பறக்காமல் இருக்க ஒரு பழைய இஸ்திரிப்பெட்டி வைத்திருக்கிறார். “சட்டத்துல கமா போட்டா கேஸே திரும்பிடுமாம், கையக் கட்டி வச்சிருக்காங்க” என்று சிரித்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பதினான்கு பக்கமும் புத்தகமாக வரப்போகிறது என்றேன். சிரிப்பு நின்றது. இஸ்திரிப்பெட்டியைத் தாள்மேல் நகர்த்தி வைத்துவிட்டு, “சொல்லிக்கோ. ஆனா நான் கெஞ்சினேன்னு சொல்லிடாத” என்றார். ஆகவே, அவர் கெஞ்சவில்லை.

அந்த அறையில் நானும் இருந்தேன் அண்ணா. அந்த மௌனத்தை நானும் கேட்டேன். நீ “வீட்ல தினமும் பாக்கறேன்” என்றதும் இருபத்திரண்டு தலைகள் ஒரே பக்கம் திரும்பின. நீ திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவர்கள் அண்ணியைப் பார்த்தார்கள். வசனப் பட்டியல் சரிபார்க்க அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தது உனக்கு ஞாபகமே இல்லை, உன் கடிதத்தில் அவர் அந்த அறையில் இல்லை. அவர் கையில் ஒரே ஒரு தாள்தான் இருந்தது. அதைத் திருப்பினார், மறுபடி திருப்பினார், மறுபடி. தூதுப்பெண்ணின் அசைவுகளைக் கணினியில் செய்தவன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், நல்ல பையன். “அக்கா, நான் இத செஞ்சிருக்கக் கூடாது” என்று என் காதில் சொன்னான். ஆடவிட்டுப் பார்த்தது பிறகுதான் நடந்தது. எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அந்த ஆள் சொன்னது வசதியாக அமைந்தது.

ஏனென்றால் அன்று சாயங்காலமே படிக்கட்டில் அண்ணி என்னை நிறுத்தினார்.

“அத மாத்திடு” என்றார். “அவ உடுத்துறது பாக்கறவங்க நம்பற மாதிரி இருந்தா போதும். நான் உடுத்துற மாதிரி இருக்க வேணாம்.”

“நீங்களே அண்ணன்கிட்ட சொல்லலாமே அண்ணி.”

“சொல்லிட்டு? அப்புறம் அவர் எதிர்ல எப்படி சட்டை மாட்டறது?”

அதனால் ஒரு மேலங்கி வரைந்தேன். ஒற்றைக் கையால் ஒரே இழுப்பில் போட்டுக்கொள்ளலாம், யாரும் உடுத்தும் முறையல்ல, யாருடையதும் அல்ல. அந்தத் தட்டளவு கொக்கியை நீ எத்தனை திட்டினாலும் தகும். அது யாரையும் காட்டிக்கொடுக்காது என்பதற்காகத்தான் அவ்வளவு பெரிதாக வைத்தேன்.

இதோடு முடிந்திருக்கும். நீ புகார் எழுதினாய். நிர்வாகத்தில் சுற்றுக்கு விடும் எந்தக் காகிதமும் எங்கே போகும் என்று நீயே உன் கடிதத்தில் எழுதியிருக்கிறாய், எழுதும்போதுகூட உனக்கு உறைக்கவில்லை. அண்ணி மேசைக்குத்தான் போயிற்று. உன் புகாரும் பதினான்கு பக்கமும். தான் உள்சட்டை மாட்ட எடுக்கும் வினாடிக் கணக்கை அவர் மெய்ப்புத் திருத்தினார். பதினொரு பிழை. திருத்திக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்த் துணிகளை எடுத்து வைத்தார். நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இன்னொன்றையும் எழுதுகிறேன். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நான் கிளம்பும்போது அண்ணி பஸ் நிறுத்தம்வரை வந்தார். “அந்த மூணு மாசம்… அவர் என்னை ஆசையா பாக்கறார்னு நெனச்சேன்” என்றார். பிறகு பஸ் வந்துவிட்டது.

தங்கை


ஏப்ரல் 8

தங்கைக்கு,

கதை நன்றாக இருக்கிறது. உன் மேலங்கியைப் போலவே பார்க்க நம்பும்படி இருக்கிறது.

பத்து வருடம் கழித்து, நான் கையெழுத்துப் போடும் சமயம் பார்த்து இது எங்கிருந்து முளைத்தது? அவள் என் மனைவி. வாய் இருந்தது. ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாம். “இது எனக்குப் பிடிக்கல” என்று மூன்று சொல். ஊர் உலகத்தின் வரிகளையெல்லாம் திருத்தியவளுக்கு என்னைத் திருத்த மூன்று சொல் கிடைக்கவில்லையா? நான் என்ன அடித்தேனா, குடித்தேனா? அவள் உடுத்தும் விதத்தில் ஒரு அழகு இருக்கிறது என்று நினைத்தேன். அதை உலகம் பார்க்கட்டும் என்று நினைத்தேன். அது குற்றமா?

அவள் பெயரைக்கூட எங்கும் எழுதவில்லை. பதினான்கு பக்கத்திலும் ‘அணிபவர்’ என்றுதான் இருக்கிறது.

இதற்குமேல் எழுதாதே.


ஏப்ரல் 14

அண்ணா,

எழுதாதே என்றாய். கேள்வியும் கேட்டிருக்கிறாய். கேள்விக்கு மட்டும் பதில்.

ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்று நானும் அண்ணியிடம் கேட்டேன். “அவர்கிட்ட சொன்னா அதையும் எழுதிக்குவார்” என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. உன் குணத்தைச் சொல்வதுபோல்தான், சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகப் போடுவார் என்பதுபோல்தான் சொன்னார்.

கம்பெனியிலிருந்து என்னையும் கூப்பிட்டார்கள். “அசல் உடை பத்தி நீங்க ஒரு பேட்டி குடுங்க, அண்ணன் தங்கச்சி சண்டைன்னா படிக்கறவங்களுக்கும் பிடிக்கும்” என்றார் விளம்பரப் பிரிவுக்காரர். எனக்குக் கடைவாய்ப்பல் வேலை நிறைய இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவர்களிடம் நான் எதையும் சொல்லப்போவதில்லை. சொன்னால் இதை நான் முடிவு செய்ததாக ஆகிவிடும். போன தடவை நான்தான் முடிவு செய்தேன். அதுவும் தப்புத்தான் அண்ணா. உன்னிடம் நேரே வந்து, கதவைச் சாத்திவிட்டு, சொல்லியிருக்க வேண்டும். வாக்குக் கொடுத்தேன் என்பது ஒரு காரணம். உன்னோடு வாதாட பயம் என்பது இன்னொன்று. நீ வாதத்தில் தோற்றதே இல்லை. வீட்டில் எல்லோரும் அதற்குப் பழகிக்கொண்டோம், உனக்குத் தெரியாமலே செய்துவிடுவோம்.

நீ கையெழுத்துப் போட்டாலும் நான் உனக்கு எழுதுவேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

தங்கை


ஏப்ரல் 25

எலி,

உன்னை இப்படிக் கூப்பிட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீ பத்தாம் வகுப்புப் படிக்கும்போதே இனி அப்படிக் கூப்பிடக் கூடாது என்று தடை போட்டாய். தடையை மீறுகிறேன்.

உன் கடைசிக் கடிதம் வந்தபின் ஒரு வாரம் வேலைக்குப் போனேன், வந்தேன், வேறொன்றும் செய்யவில்லை. தொழிற்சாலையில் ஒரு காவலாளி அளவு கொடுக்க வந்தார். பெரிய உடம்பு. நாடாவை வயிற்றைச் சுற்றிப் பிடித்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு, “எவ்வளவுன்னு சத்தமா சொல்லிடாதீங்க சார்” என்றார். என் எழுத்தர் பக்கத்திலேயே பேனாவோடு நின்றிருந்தார், நான் சொல்லச் சொல்ல எழுதுவது வழக்கம். நான் பேனாவை வாங்கி நானே எழுதினேன். காவலாளிக்கு அவ்வளவு நிம்மதி. முன்பின் தெரியாத ஆள், என்னிடம் ஒரு வாக்கியத்தில் கேட்டுவிட்டார். ஏழு வருடம் என்னோடு இருந்தவளுக்கு என்னிடம் கேட்க முடியவில்லை. அப்படி ஒரு ஆளாக இருந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை குறிப்பேட்டை எடுத்தேன். பதினான்கு பக்கத்தை அல்ல. முழுவதையும். உன்னைப் பொய்க்காரி என்று நிரூபிக்கத்தான் எடுத்தேன், அதையும் மறைக்கவில்லை. அளவெல்லாம் சரியாக இருக்கிறது. இன்றைக்கும் அதை வைத்து ஒரு கோட்டு தைக்கலாம், கச்சிதமாகப் பொருந்தும். என் வேலையில் ஒரு தவறும் இல்லை, எலி. அதுதான் படிக்கப் படிக்கத் தாங்கவில்லை.

இரண்டாம் மாதத்தில் ஒரு குறிப்பு: ‘அணிபவர் திரும்பிப் பார்த்து என்ன என்று கேட்டதால் கழுத்தின் கோணம் மாறிவிட்டது. இன்றைய பதிவு பயன்படாது.’ அந்தக் காலை எனக்கு ஞாபகம் இருக்கிறது. “என்னங்க அப்படி பாக்கறீங்க?” என்று கேட்டாள். நாடா இன்னும் வாயில் இருந்தது, அதனால் குழறலாகக் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அவள் முகம் மலர்ந்தது. அது எனக்குத் தெரிந்தது. பார்த்தேன். எழுதவில்லை, ஏனென்றால் உடைக்குத் தொடர்பில்லாதது.

மூன்றாம் மாதத்தில் இது: ‘கடந்த பத்து நாட்களாக அணிபவர் கதவைத் திறந்தே வைக்கிறார். உடுத்த எடுக்கும் நேரமும் கூடியிருக்கிறது. வெளிச்சம் நன்றாக விழுகிறது. வசதி.’

வசதி என்று எழுதியிருக்கிறேன். என் கையெழுத்துதான். அடியில் கோடு வேறு போட்டிருக்கிறேன்.

காட்டுவதற்காக உடுத்துகிறாள் என்று சொன்ன அந்த ஆளை இத்தனை வருடமாக முட்டாள் என்று திட்டினேன். அவன் சரியாகத்தான் பார்த்திருக்கிறான். அவள் ஒருவருக்குக் காட்டிக்கொண்டுதான் உடுத்தினாள். அவனுக்குப் புரிந்ததில் பாதி எனக்குப் புரிந்திருந்தால் போதுமாயிருந்திருக்கும்.

அவளுக்கு எழுத உட்கார்ந்தேன். நான்கைந்து வரி எழுதிப் பார்த்தேன். எப்படி எழுதினாலும் மறுபடி அவளைப் பற்றி நான் எழுதுவதாகத்தான் வருகிறது. நிறுத்திவிட்டேன். நீயும் நான் வருந்துகிறேன் என்று அவளிடம் போய்ச் சொல்லாதே. அவள் அதற்கு ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும். அவளுக்கு அந்த வேலை எதற்கு? குறிப்பேட்டை மட்டும் இதோடு உனக்குத் தனிப் பொட்டலமாக அனுப்புகிறேன். என்ன செய்வதென்று அவள் சொல்லட்டும். அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரிவிக்க வேண்டாம். தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

படிவத்துக்கு வருகிறேன். அதில் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. அனுமதிக்கிறேன் என்று ஒன்று, கீழே கையெழுத்து. மறுக்கிறேன் என்று இன்னொன்று, காரணம் எழுதப் பத்து வரி, கீழே கையெழுத்து. படிவம் வராவிட்டால் ஆட்சேபணை இல்லை என்று எடுத்துக்கொள்வார்களாம். கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தால் உடையையும் பக்கங்களையும் சேர்க்க மாட்டார்கள். பழைய பெயர்ப் பட்டியலில் இருக்கும் என் பெயரும் புதிய பதிப்பில் வராது. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நான் பொடி எழுத்தை விடமாட்டேன் என்பது உனக்குத் தெரியும்.

மறுக்கிறேன் என்ற கட்டத்தில்தான் முதலில் பேனாவை வைத்தேன். பத்து வரி போதாது, தனித்தாள் இணைக்கலாமா என்றுகூட யோசித்தேன். சுபாவம். ஆனால் எந்தக் காரணத்தைத் தொடங்கினாலும் அது அவள் கையில்தான் போய் முடிகிறது. காரணமே எழுதாமல் என் பெயரில் மறுத்தால், ஏன் மறுத்தார் என்று உன் விளம்பரக்காரர் கிளம்பிவிடுவார். அண்ணன் தங்கை சண்டை என்பார், மனைவி எங்கே என்பார், அன்று அறையில் இருந்த அந்த ஒலிக்காரரைக் கண்டுபிடிப்பார். என் பெயர் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து அவளிடம் போக ஒரு எட்டுத்தான்.

அந்த உடைக்கு நான் யாரோ ஆகிவிடுவேன். தூதுப்பெண் உன் மேலங்கியிலேயே ஓடட்டும். நேற்று ஒரு கணினிக் கடையில் பழைய பதிப்பை ஓடவிட்டிருந்ததைக் கண்ணாடி வழியாக நின்று பார்த்தேன். காற்று இடதுபக்கம் அடித்தது. அது எனக்கு முதுகிலிருந்தே தெரிந்தது.

தபால் நிலையம் மூன்று மணிக்கு மூடிவிடும். இரண்டு கட்டங்களையும் வெற்றாகவே விட்டு, கையெழுத்துப் போடாமல், படிவத்தை உறையில் வைத்து ஒட்டிவிட்டேன். இந்தக் கடிதத்தையும் அப்படியே அனுப்புகிறேன்.